கல்யாண விசிடியைப் பத்திரப்படுத்த எந்த இமேஜ் வடிவம் சரி?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தி மகன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "அண்ணா, அம்மா கல்யாண சிடியை ஐஎஸ்ஓ ஃபைலா மாத்தி வச்சிருக்கேன். திறந்தா உள்ளே ஃபைல் பேரெல்லாம் தெரியுது, படம் மட்டும் ஓட மாட்டேங்குது" என்றான். செருகிப் பார்த்தேன். ஐஎஸ்ஓ கோப்பின் அளவு மூன்று எம்பிகூட இல்லை. ஒரு மணி நேரக் கல்யாணப் படம் மூன்று எம்பிக்குள் எப்படி அடங்கும்? "சிடியைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றுதான் முதலில் கேட்டேன். நல்லவேளை, சித்தி அதைப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

தம்பி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கை அப்படியே கணினியில் ஏற்றுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஐஎஸ்ஓ எடு என்றுதான் சொல்வார்கள். டிவிடிக்கு அது சரி. மென்பொருள் சிடிக்கும் சரி. விசிடிக்கு மட்டும் ஆகாது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நம் ஊர்களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் பெரும்பாலும் விசிடியில்தான் இருக்கின்றன. ஸ்டூடியோக்காரர் கொடுத்த இரண்டு மூன்று சிடியைத் தவிர வேறு பிரதி பல வீடுகளில் கிடையாது. அதனால் இதை ஒரே தடவையில் சரியாகச் செய்துவிட வேண்டும். கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவரும் செய்யும்படி படிப்படியாக எழுதுகிறேன்.

அவசரமாக இருப்பவர்களுக்கு விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். விசிடியை 'பின்-கியூ' ஜோடியாக எடுங்கள். ஒரு கோப்பு புள்ளிக்கு அப்புறம் பி, ஐ, என் என்று முடியும். மற்றது சி, யு, இ என்று முடியும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு இமேஜ், அதாவது டிஸ்க்கில் இருப்பதை அப்படியே கோப்பாக எடுத்த பிரதி.

முதலில், அது விசிடிதானா?

சிடியின் மேல் விசிடி என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். டிரைவில் போட்டு, உள்ளே என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று பாருங்கள். 'எம்பெக்ஏவி' என்று ஒன்றும் 'விசிடி' என்று ஒன்றும் இருந்தால் அது விசிடி. எம்பெக்ஏவியைத் திறந்தால் 'ஏவிசெக்01' என்பது போன்ற பெயரில், டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். அதுதான் படம். கூடவே செக்மென்ட், சிடிஐ, எக்ஸ்ட் என்று வேறு ஃபோல்டர்களும் இருக்கலாம்.

'வீடியோ_டிஎஸ்' என்று ஃபோல்டர் இருந்தால் அது டிவிடி. அதற்கு ஐஎஸ்ஓ போதும், இந்தக் கட்டுரை தேவையில்லை. சில ஸ்டூடியோக்கள் எம்பிஜி கோப்பையோ ஏவிஐ கோப்பையோ சும்மா சிடியில் எழுதிக் கொடுத்திருக்கும். அது சாதாரண டேட்டா சிடி, அதற்கும் ஐஎஸ்ஓ போதும். எஸ்விசிடி என்று இன்னொன்று உண்டு, நம் பக்கம் குறைவு. அதற்கு இங்கே விசிடிக்குச் சொல்லும் முறையே பொருந்தும்.

ஐஎஸ்ஓ ஏன் ஆகாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரிந்துவிட்டால் எந்த மென்பொருளைக் கொடுத்தாலும் உங்களால் சமாளிக்க முடியும்.

விசிடிக்கான விதிமுறையை பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1993-ல் கொண்டுவந்தன. 'வெள்ளைப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். அதன்படி ஒரு விசிடியில் குறைந்தது இரண்டு டிராக், அதாவது தனித்தனியாகப் பிரித்து எழுதிய பகுதிகள், இருக்கும். முதல் டிராக் சின்னது. ஃபோல்டர்கள், கோப்புப் பெயர்கள், எந்தக் கோப்பு டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பு எல்லாம் அதில்தான். படம் இரண்டாவது டிராக்கிலிருந்து தொடங்கும்.

சிடியில் எதை எழுதினாலும் செக்டர் செக்டராகத்தான் எழுதப்படும். ஒவ்வொரு செக்டரும் 2352 பைட். ஒரு நொடிக்கு 75 செக்டர். இந்த 2352-ஐ எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் டிராக்கின் செக்டரில் முதல் 12 பைட், செக்டர் இங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அடையாளம். அடுத்த 4 பைட் முகவரி. அப்புறம் 8 பைட் துணைத் தலைப்பு, அதாவது இது எந்த வகைச் செக்டர் என்ற குறிப்பு (படத்தின் கீழே வரும் சப்டைட்டில் அல்ல). அதற்கடுத்த 2048 பைட்தான் சரக்கு. மிச்சம் இருக்கும் 280 பைட்டும் பிழை பார்க்கவும் பிழை திருத்தவும்.

படம் இருக்கும் இரண்டாவது டிராக்கில் பங்கு வேறு. முதல் 24 பைட்டில் மாற்றமில்லை. ஆனால் அங்கே பிழை திருத்தும் 276 பைட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஆக ஒரு செக்டருக்கு 2324 பைட் சரக்கு, கடைசியில் பிழை பார்க்க மட்டும் 4 பைட். படத்தில் ஒரு புள்ளி தவறினால் குடி முழுகிவிடாது, நேரம் கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கால்தான் 74 நிமிட சிடியில் 74 நிமிடப் படம் முழுசாக ஏறியது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு நடுவில் எழுந்து போய் சிடி மாற்றினோமே, அதற்கும் இதுதான் காரணம்.

ஐஎஸ்ஓ என்ற வடிவத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு டிராக், செக்டருக்கு 2048 பைட், அவ்வளவுதான். விசிடியை அதில் போட்டால் மென்பொருளைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும். முதல் டிராக்கை மட்டும் எடுத்துவிட்டு, முடிந்தது என்று சொல்லும். அல்லது இரண்டாவது டிராக்குக்கு வந்ததும் பிழை என்று நின்றுவிடும். அல்லது படத்தின் ஒவ்வொரு செக்டரிலும் 2048 பைட்டை வைத்துக்கொண்டு மீதி 276-ஐ வெட்டிப் போட்டுவிடும். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் கோப்பின் அளவைப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்த மாதிரியே இருக்கும். எட்டில் ஒரு பங்கு காணாமல் போன படம் எதிலும் ஓடாது. தம்பியிடம் இருந்தது முதல் வகை. ஃபோல்டரும் கோப்புப் பெயரும் முதல் டிராக்கில் இருப்பதால் அவை மட்டும் வந்துவிட்டன. வீட்டு விலாசம் எழுதிய சீட்டு கைக்கு வந்தது, வீடு வரவில்லை.

என்னென்ன வடிவங்கள், எதை எடுப்பது

'பின்-கியூ' ஜோடியில் பெரிய கோப்பான 'பின்', டிஸ்க்கில் இருக்கும் 2352 பைட்டையும் எதையும் வெட்டாமல் வரிசையாக எழுதி வைத்திருக்கும். சின்னக் கோப்பான கியூ வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். அசலில் ஆங்கில எழுத்தில் இருக்கும், தமிழில் எழுதிக் காட்டினால் கிட்டத்தட்ட இப்படி:

ஃபைல் "கல்யாணம்1.பின்" பைனரி
டிராக் 01 மோட்2/2352
இண்டெக்ஸ் 01 00:00:00
டிராக் 02 மோட்2/2352
இண்டெக்ஸ் 01 00:16:00

முதல் வரி, சரக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொல்கிறது. அடுத்த வரிகள் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்கின்றன. 00:16:00 என்றால் நிமிடம், நொடி, செக்டர். அதாவது இந்த சிடியில் படத்தின் டிராக் பதினாறாவது நொடியில் தொடங்குகிறது. மோட்2/2352 என்று இருப்பதைக் கவனியுங்கள். அந்த 2352-ஐப் பார்த்துவிட்டால் முழு செக்டரும் வந்திருக்கிறது என்று தைரியமாக இருக்கலாம்.

நான் இந்த ஜோடியைச் சொல்வதற்கு முக்கியக் காரணமே அந்தக் கியூ கோப்புதான். இன்னும் இருபது வருடம் கழித்து இன்றைய மென்பொருள் ஒன்றுகூட இல்லாமல் போனாலும், ஐந்து வரியைப் படித்து விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரால் முடியும். கியூ தொலைந்துபோனாலும் கையாலேயே திரும்ப எழுதிவிடலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இதைப் படிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது.

என்ஆர்ஜி என்பது நீரோ மென்பொருளின் சொந்த வடிவம். அந்தக் காலத்தில் சிடி எழுதியவர்கள் பலரும் நீரோதான் வைத்திருந்தார்கள், அதனால் பழைய ஹார்டு டிஸ்க்கில் என்ஆர்ஜி கோப்புகள் கிடக்க வாய்ப்புண்டு. அதிலும் விசிடி முழுசாக இருக்கும், அழித்துவிடாதீர்கள். புதிதாக எடுக்கும்போது மட்டும் அது வேண்டாம்.

சிசிடி, ஐஎம்ஜி, எஸ்யுபி என்று மூன்றாக வருவது குளோன்சிடியின் வடிவம். எம்டிஎஃப், எம்டிஎஸ் என்று இரண்டாக வருவது ஆல்கஹால் 120% மென்பொருளுடையது. இரண்டும் நல்ல வடிவங்கள்தான். ஆனால் இவை பெயர் வாங்கியது காப்பி எடுக்க முடியாதபடி பூட்டிய விளையாட்டு சிடிகளைப் பிரதி எடுப்பதற்காக. செக்டருக்கு இன்னும் 96 பைட் துணைச் சானல் தகவலையும் சேர்த்து வைக்க இவற்றால் முடியும். 55 நிமிட சிடிக்கு அது மட்டும் 23 எம்பி சொச்சம். கல்யாண விசிடியில் அப்படிப்பட்ட பூட்டு எதுவும் கிடையாது, அந்தத் தகவலால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இமேஜே வேண்டாம், அந்த டேட் கோப்பை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். விண்டோஸில் அது நடக்கும், படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் படமும் ஓடும். லினக்ஸில் பெரும்பாலும் பாதியில் பிழை வரும். எனக்கு அதில் இரண்டு குறை தெரிகிறது. சிடியில் ஒரே ஒரு கீறல் இருந்தாலும் காப்பி அங்கேயே நின்றுவிடும், அதுவரை வந்ததும் சில சமயம் போய்விடும். அப்புறம், ஸ்டூடியோக்காரர் மெனு போட்டிருந்தால், நடுநடுவே புகைப்படங்களைச் சேர்த்திருந்தால், அவை டேட் கோப்பில் வராது. வேறு வழியே இல்லாதபோது இது இருக்கட்டும்.

படி 1: சிடியைத் தயார்செய்வது

சிடி பின்னால் இருக்கும் பளபளப்பான பக்கத்தைத்தான் நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். உண்மையில் மேல்பக்கம்தான் மென்மையானது. எழுதப்பட்ட சாயப் படலமும் வெள்ளிப் படலமும் பெயர் அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டினாற்போல, மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கின்றன. அடிப்பக்கத்தில் அதற்கும் நமக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. அடிப்பக்கம் கீறினால் பல சமயம் தப்பித்துவிடும். மேல்பக்கம் உரிந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

கல்யாண சிடிகளில் மாப்பிள்ளை பெண் படம் போட்டு வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது ஓரத்தில் எழும்பி நிற்கும்போது பிய்க்கத் தோன்றும். பிய்க்காதீர்கள். பசையோடு வெள்ளிப் படலமும் சேர்ந்து வந்துவிடும். எழும்பிய ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்திப் படியவைத்துவிட்டுப் போடுங்கள்.

அடிப்பக்கத்தில் தூசியோ கைரேகையோ இருந்தால், மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால், நடு ஓட்டையிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் டிராக் போகும் திசையிலேயே விழும். அப்படி விழுந்த கீறல் தொடர்ச்சியாகப் பல செக்டரை அடிக்கும். குறுக்காக விழுந்ததைத் திருத்திக்கொள்ள டிரைவுக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள்.

படி 2: எடுப்பது

இப்போது மடிக்கணினிகளில் சிடி டிரைவ் வருவதில்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று போதும். ஹப்பில் போடாமல் கணினியில் நேராகச் செருகுங்கள், டிரைவுக்கு மின்சாரம் போதாமல் போனால் காரணமில்லாத பிழைகள் வரும்.

விண்டோஸில் நான் பயன்படுத்துவது இம்க்பர்ன். இலவசம், ரொம்ப வருடமாகப் புதிய பதிப்பு வரவில்லை, ஆனால் இந்த வேலைக்கு இன்றும் குறையில்லை. நிறுவும்போது கூடவே வேறு எதையாவது நிறுவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திறந்ததும் ஆறு பெரிய பொத்தான் வரும். அதில் 'கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்' என்பதை அழுத்துங்கள். சிடியைப் படித்து, எத்தனை டிராக், எத்தனை செக்டர் என்று வலப்பக்கம் காட்டும். அங்கே டிராக் இரண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஒன்றுதான் என்று காட்டினால் அது விசிடி இல்லை, முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பல டிராக் உள்ள சிடி என்று தெரிந்ததும் மென்பொருளே ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு 'பின்' என்று மாற்றிக்கொள்ளும். நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். இடைவெளியும் வேண்டாம். தமிழில் வைக்கத்தான் எனக்கும் ஆசை, ஆனால் கியூ கோப்பைப் படிக்கும் பழைய மென்பொருள்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் கோப்பைக் காணோம் என்று சொல்லிவிடுகின்றன. விசேஷம், வருடம், எத்தனையாவது சிடி என்ற மூன்றும் பெயரில் இருந்தால் போதும்.

வேகத்தை 4 அல்லது 8 என்று குறைத்து வையுங்கள். உச்ச வேகத்தில் சிடி லேசாக ஆடினாலும் பழைய சாயத்தைப் படிக்க டிரைவ் திணறும். 8 வேகத்தில் ஒரு மணி நேர சிடி எட்டு நிமிடம் போல எடுக்கும். இருபது வருடம் காத்திருந்த சிடிக்கு எட்டு நிமிடம் கொடுக்கலாம்.

லினக்ஸில் இருப்பவர்கள் டிடி கட்டளையை நம்ப வேண்டாம், அது 2048 பைட் கணக்கில்தான் கேட்கும், படத்தின் டிராக்கில் போய் முட்டி நிற்கும். சிடிஆர்டிஏஓ என்ற மென்பொருளில் செக்டரை முழுசாகப் படிக்கச் சொல்லும் 'ரீட் ரா' என்ற தெரிவு இருக்கிறது, அதைப் போட்டு எடுங்கள். அது கியூவுக்குப் பதிலாக டாக் என்ற கோப்பைக் கொடுக்கும். டாக்கைக் கியூவாக மாற்றும் சின்னக் கருவி அதனோடேயே வருகிறது.

படி 3: சரியாக வந்ததா என்று பார்ப்பது

எடுத்து முடித்ததும் மூன்று சோதனை. முதல் சோதனைக்கு ஒரு கால்குலேட்டர் போதும். 'பின்' கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். அதை 2352-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் வர வேண்டும். உதாரணத்துக்கு 58,21,20,000 பைட் என்றால், வகுத்தால் 2,47,500 செக்டர். அதை 75-ஆல் வகுத்தால் 3,300 நொடி, அதாவது 55 நிமிடம். சிடி எவ்வளவு நேரம் ஓடும் என்பதோடு இது ஒத்துப்போக வேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எம்பி ஐஎஸ்ஓவைப் பார்த்ததும் நான் பதறியது இந்தக் கணக்கால்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். சிடியின் மேல் 700 எம்பி என்று போட்டிருக்கிறது, இமேஜ் 780 எம்பி வந்துவிட்டதே என்று. 700 என்பது செக்டருக்கு 2048 என்று வைத்துப் போட்ட கணக்கு. நாம் 2352 எடுக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது சோதனை, அதே சிடியை வேறு பெயரில் இன்னொரு தடவை எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது. படத்தின் செக்டரில் பிழை திருத்தும் 276 பைட் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதனால் தவறாகப் படித்த இடத்தை டிரைவ் எப்போதும் சொல்லிவிடும் என்று நம்ப முடியாது. இரண்டு தடவையும் பைட் மாறாமல் வந்தால் படித்தது சரி. கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால், வலது கிளிக்கில் ஷா-256 கணக்கிடும் வசதி வரும். கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் ஓர் அடையாள எண் அது. இரண்டு 'பின்' கோப்புக்கும் ஒரே எண் வருகிறதா பாருங்கள். வந்தால் ஒன்றை அழித்துவிட்டு, அந்த எண்ணை ஒரு நோட்பேடு கோப்பில் எழுதி வையுங்கள். பின்னாளில் ஹார்டு டிஸ்க்கே கெட்டு வருகிறதா என்று பார்க்கவும் அந்த எண் உதவும்.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் கியூ கோப்பைத் திறந்தால் சிடியைத் திறந்த மாதிரியே டிராக்குகள் தெரியும். சில வசதிகளுக்கு அது கட்டணம் கேட்கும். இமேஜைத் திறந்து டிராக்குகளைப் பார்க்கத் தொகை எதுவும் வேண்டாம். முதல் நிமிடம், நடு, கடைசி நிமிடம் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் கடைசி நிமிடங்கள் வெளி ஓரத்தில் இருக்கும். கைபட்டு, ஈரம் பட்டு முதலில் கெடுவது அந்த ஓரம்தான்.

படி 4: பார்ப்பதற்கு ஒரு பிரதி

இமேஜ் பத்திரப்படுத்த. வீட்டில் எல்லாரும் டிவியில் பார்க்க வேறு ஒரு கோப்பு வேண்டும். டேட் கோப்பின் பெயரை எம்பிஜி என்று மாற்றினால் போதும் என்று ஒரு பழைய உத்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர்தான் மாறும், உள்ளே செக்டரின் முகவரியும் துணைத் தலைப்பும் அப்படியே கிடக்கும். விஎல்சி அதைப் பொறுத்துக்கொள்ளும், டிவியின் யூஎஸ்பி பெரும்பாலும் ஏற்காது.

ஐசோபஸ்டரில் டிராக்கின் மேல் வலது கிளிக் செய்தால், எம்பெக் படத்தை மட்டும் வடிகட்டி எடுக்கும் தெரிவு இருக்கிறது. செக்டரின் முன்னும் பின்னும் இருப்பதைக் கழித்துவிட்டு 2324 பைட்டை மட்டும் கோத்துக் கொடுக்கும். அதுதான் உண்மையான எம்பிஜி. கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு விசிடிஇமேஜர் என்ற இலவசத் தொகுப்பு இதே வேலையைச் செய்யும். இதில் படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை, சிடியில் இருந்த தரம் அப்படியே வரும்.

அந்த எம்பிஜியையும் டிவி ஏற்கவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றுங்கள். நம் ஊர் விசிடி 352-க்கு 288 புள்ளி, நொடிக்கு 25 படம். அதை 1080 ஆக்கினால் தெளிவு கூடாது, கோப்புதான் பெருக்கும். அகலத்தை இழுத்து டிவி முழுக்க நிரப்பவும் வேண்டாம், 4-க்கு 3 என்றே விடுங்கள். இழுத்தால் எல்லார் முகமும் சப்பையாகிவிடும்.

எங்கே வைப்பது

'பின்', கியூ, ஷா எண் எழுதிய நோட்பேடு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். 'பின்' கோப்பின் பெயரைப் பின்னால் மாற்றினால் கியூவைத் திறந்து முதல் வரியிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஜோடி பிரிந்துவிடும். ஜிப் செய்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றலாம். எம்பெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதனால் மிச்சம் அதிகம் வராது. இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டிலும் இன்னொன்று அக்கா வீட்டிலோ ஆன்லைன் சேமிப்பிலோ. சிடியையும் தூக்கிப் போட வேண்டாம்.

சிடி படிக்க மறுத்தால்

முதலில் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழைய மேசைக் கணினியில் இருக்கும் டிரைவையும் விட்டுவிடாதீர்கள், தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டிராக்கின் கடைசி இரண்டு செக்டரில் மட்டும் பிழை வந்தால் கலங்க வேண்டாம். டிராக் டிராக்காக எழுதிய சிடிகளில், எழுதி முடித்த இடத்தில் படிக்க முடியாத இரண்டு செக்டர் இருப்பது இயல்பு. அங்கே படம் கிடையாது.

நடுவில் பிழை வந்தால் இம்க்பர்ன் கேட்கும்: மறுபடி முயலவா, தாண்டிப் போகவா என்று. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டுத் தாண்டிப் போங்கள். படிக்க முடியாத செக்டரை வெற்றாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். அளவு மாறாது, பின்னால் வரும் எதுவும் இடம் பெயராது. ஒரு செக்டர் என்பது நொடியில் 75-ல் ஒரு பங்குதான். அதற்காக முழு சிடியையும் கைவிட்டுவிடக் கூடாது. எந்த செக்டர் போனது என்ற பட்டியல் அதன் லாகில் இருக்கும், அதையும் ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அடுத்த வருடம் இன்னும் நல்ல டிரைவ் கிடைத்தால் அந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தியின் மூன்று சிடியில் இரண்டு முதல் தடவையே வந்துவிட்டன, இரண்டு தடவை எடுத்ததும் ஒத்துப்போனது. மூன்றாவதில் 30 செக்டர் போய்விட்டது. மாலை மாற்றும் இடத்தில் திரை கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு நொடிக்குள் சரியாகிவிடுகிறது. உடனே அடுத்த காட்சியில் தாத்தா பந்தியில் ஒவ்வொரு இலையாகக் குனிந்து, போதுமா என்று கேட்டுக்கொண்டே வருகிறார். அது முழுசாக இருக்கிறது.